எத்தனை நெற்றி

புதன்கிழமை, பெரியாஸ்பத்திரி தோல் பிரிவு.
எட்டு மணிக்கே வரிசை மாடிப்படி வரை.
என் கையில் ஐஸ் பெட்டி.
எனக்கு வேண்டியது மூன்று மில்லிமீட்டர்,
முழு உளுந்துகூட இல்லை, உடைத்த உளுந்து.

ஒச்சம்மாள். நாற்பத்தொன்று. செக்கானூரணி.
சந்தைக்குச் சந்தை ஃபேன்சி சாமான் கடை.
பொட்டு இருந்த இடத்தில் பொட்டளவே வெள்ளை,
காம்பஸ் வைத்து வரைந்ததுபோல.
"பத்தொம்பது வருசமா ஒரே கம்பெனி ஒட்டுப்பொட்டு"
என்றாள், ஏதோ விசுவாசத்தைச் சொல்பவளாக.
முழங்கையிலும் ஒன்று இருந்தது.
பசை படவே படாத இடம்.
நான் வந்தது அதற்குத்தான்.

டவுன் பஸ்ஸில் பெட்டி மடியில்.
"மீனா?" என்றார் கண்டக்டர்.
"தோல்" என்றேன்.
காளவாசல் தாண்டியும்
பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

நாகமலை அடிவாரம், ஆய்வகம்.
இரவெல்லாம் நொதியில் ஊறிப் பிரிந்த செல்கள்
திரையில் புள்ளிகளாய் விழுகின்றன.
நிறம் தருகிற செல்லைப் பசை முதலில் வதைக்கிறது;
அது சாகும்போது போட்ட கூச்சலை
யாரோ எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.
சிடி எட்டு. நினைவு வகை. தோலிலேயே குடியிருப்பவை.
உசிலம்பட்டிப் பக்கத்து மொய் நோட்டு மாதிரி
பேர், ஊர், தொகை, ஒன்றும் விடாது.
பொட்டை எடுத்தெறிந்து வருடமானாலும்
முழங்கையில் வந்து வசூலிக்கும்.

இதை இப்படியே கட்டுரையில் எழுத முடியாது.
இன்டர்பெரான் காமா, p மதிப்பு, பிழைக்கோடு.
என் ஃபெல்லோஷிப் மார்ச்சோடு சரி.
மைனஸ் எண்பது ஃப்ரீசர் நேற்று இரண்டு முறை அலறியது,
ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குவதென்று
இரண்டு துறைகளுக்குள் கடிதப் போக்குவரத்து.

மூன்றாம் வாரம் அவளே வந்தாள், கேட் தாண்டி,
வாட்ச்மேனிடம் என் பேரைத் தப்பாகச் சொல்லி.
"அந்தத் துண்டு என்னாச்சு?"
காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
"இது நானா?"
"உங்க செல்லுதான்."
"வெள்ளையா கறுப்பா?"
சாயம் ஏற்றியதில் பச்சை என்றேன்.
அதை அவள் கேலியாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கிளம்பும்போதுதான் கேட்டாள்.
"கடையில நானூறு அட்டை கெடக்கு. விக்கலாமா?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
"மூணு பேரை வச்சு உறுதியாச் சொல்ல முடியாதுக்கா."
"அப்ப எத்தன நெத்தி வேணும்?"

முப்பத்திரண்டு.
கணக்குப் போட்டு வைத்த எண், டக்கென்று வந்துவிட்டது.
சொன்ன பிறகு
சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

அடுத்த புதன், மாடிப்படியில் ஒன்பது பெண்கள்.
கருமாத்தூர், வாலாந்தூர், உசிலம்பட்டி.
எல்லாரும் ஒரே கடையில் வாங்கியவர்கள்.
ஒருத்தி வெள்ளையை மறைக்கப்
பொட்டைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள்,
இப்போது ஒரு ரூபாய்க் காசளவு.
எடுங்கம்மா என்றார் டாக்டர்.
எடுத்தாள். அடியிலும் அதே அளவு.

ஒன்பது கையெழுத்தில் இரண்டு பெருவிரல் ரேகை.
மை இன்னும் காயவில்லை,
ஜன்னல் வழியே எதிர் டீக்கடையில் ஒச்சம்மாள்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக்
கிளாஸைத் திருப்பிக் கொடுத்து நடந்துவிட்டாள்.
இரவு பத்து மணிக்கு போன்:
"நான் சொல்லித்தான் வந்தாங்கன்னு எழுதிறாதீங்க."
அட்டைகளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

விடுதிக் குளியலறைக் கண்ணாடி ஓரம்
எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள்,
மெரூன், கறுப்பு, கல் வைத்தது ஒன்று.
நகத்தால் சுரண்டிக் குப்பியில் சேர்த்தேன், பதினேழு.
பசை மட்டும் வட்டம் வட்டமாய்க் கண்ணாடியில் நின்றது.

லேபிளில் நோயாளி எண் என்ற கட்டம்.
கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றுவிட்டு
"கண்ணாடி" என்று எழுதினேன்.